எலினோர் ஒஸ்ட்ரமும் எங்கட கிணறும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூன் 12, எலினோர் ஒஸ்ட்ரம் காலமான நாள். அந்த நாளை ஒட்டி யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் சனசமூக நிலையங்களிலும் கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் அவரைப் பற்றிப் பேசுவது எனக்கு வழக்கமாகிவிட்டது. ஊர் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. பல்கலைக்கழகப் பிள்ளைகள் கேட்பதும் வெங்காயம் நடுகிற ஐயா கேட்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே போட்டிருக்கிறேன். முதற்கேள்விகள் அவரைப் பற்றியவை. மிச்சமெல்லாம் எங்கள் தண்ணீரும் கடலும்.

இவ ஆர் அண்ணை? இவவுக்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?

எலினோர் ஒஸ்ட்ரம் அமெரிக்காவின் இந்தியானாப் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு படிப்பித்த பேராசிரியர். 1933 ஓகஸ்ட் 7 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர், 2012 யூன் 12 இல் புளூமிங்டனில் கணையப் புற்றுநோயால் இறந்தார். கணவர் வின்சன்ட் ஒஸ்ட்ரமும் அதே துறைப் பேராசிரியர். மனைவி போன அதே மாதம் 29 ஆம் திகதி அவரும் போய்விட்டார்.

பலர் சேர்ந்து பாவிக்கிற நிலத்தடி நீர், மீன், காடு, மேய்ச்சல் தரை போன்றவற்றை ஆர், எப்படி நிருவகித்தால் அவை அழியாமல் நிற்கும் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கக் கேட்ட கேள்வி. ஆண்டு முழுக்க ஓடும் ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில், ஒருவருடைய இறைப்பு அடுத்தவருடைய கிணற்றைத் தொடுகிற மண்ணில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

நோபல் பரிசு எண்டுறியள். அப்ப இவ பொருளியல்காரியோ?

படித்தது அரசறிவியல். 2009 இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசை ஒலிவர் வில்லியம்சனோடு பகிர்ந்துகொண்டார். அந்தப் பரிசைப் பெற்ற முதற்பெண் அவர்தான். பொருளியலாளர் பலருக்கே அன்றைக்குத்தான் அவருடைய பெயர் தெரியவந்தது. தன் பங்குப் பணத்தைத் தான் நடத்திய ஆய்வு நிலையத்துக்கே கொடுத்துவிட்டார்.

பொம்பிளை எண்டபடியால் கஷ்டப்பட்டவவோ?

நிறைய. வீட்டில் தாயாருக்கு மகள் பல்கலைக்கழகம் போவதில் விருப்பமில்லை. பட்டம் பெற்று வேலை தேடினபோது முதலில் கேட்கப்பட்டது, தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரியுமா என்று. அஞ்சல் வழியாகச் சுருக்கெழுத்துப் பழகினார். வேலை அவ்வளவாகக் கிடைக்கவில்லை, ஆனால் பிற்காலத்தில் கள நேர்காணல்களில் குறிப்பெடுக்க அது நல்லாய் உதவியது என்று சொல்லியிருக்கிறார்.

பொருளியலில் கலாநிதிப் பட்டத்துக்கு எடுபடவில்லை, கணிதம் போதாது என்பது காரணம். கணிதம் ஏன் போதவில்லை என்றால், பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைக்குத் திரிகோண கணிதம் எதற்கு என்று மறித்துவிட்டார்கள். 1965 இல் கணவருக்கு இந்தியானாவில் பேராசிரியர் பதவி கிடைத்தது. இவருக்குக் கிடைத்தது செவ்வாய், வியாழன், சனி காலை ஏழரை மணிக்கு முதலாம் ஆண்டு மாணவருக்கு அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிப் படிப்பிக்கிற வேலை. சனிக்கிழமை காலை ஏழரை! வேறு ஒருவரும் எடுக்காத வகுப்பு அது என்று விளங்கிக்கொள்ள ஆய்வு தேவையில்லை.

ஆசிரியையா எப்பிடி இருந்தவ? 'பட்டறை' எண்டு சொல்லுறியளே, அது என்ன?

1973 இல் கணவரும் இவரும் தொடங்கிய ஆய்வு நிலையத்துக்கு 'பட்டறை' என்ற பொருள்படவே பெயர் வைத்தார்கள். இருவரும் ஒரு தச்சரிடம் தளபாடம் செய்யப் பழகியவர்கள். மேசை செய்யத் தெரிந்தவருக்குப் பக்கத்தில் நின்று, மரத்தைப் பிடித்து, தேய்த்து, பிழை விட்டுத்தான் தொழில் பழகலாம். ஆய்வும் அப்படித்தான் என்பது அவர்கள் எண்ணம். பேராசிரியர், முதலாண்டு ஆய்வு மாணவர், நேபாளத்திலோ ஆபிரிக்காவிலோ இருந்து வந்த விருந்தாளி எல்லாரும் ஒரே மேசையில்.

அங்கே ஒரு வழக்கம் எனக்கு மிகப் பிடிக்கும். பருவ இறுதிக் கருத்தரங்கில் கட்டுரையை எழுதியவர் தானே வாசிப்பதில்லை. இன்னொருவர் அதைப் படித்து வந்து, தனக்கு விளங்கிய மாதிரி எடுத்துச் சொல்வார். எழுதியவர் பேசாமல் இருந்து கேட்டுவிட்டுப் பிறகு பதில் சொல்வார். தான் எழுதியது மற்றவருக்கு விளங்கியதா இல்லையா என்று அங்கேயே அப்பட்டமாகத் தெரிந்துவிடும். எங்கள் பக்கத்துக் கருத்தரங்குகளில் தலைமையுரை, வரவேற்புரை, ஆசியுரை முடிந்து கட்டுரைக்கு ஏழு நிமிடம் மிஞ்சுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நோய் தெரிந்த பிறகும் பயணமும் மாணவர் வேலையும் நிற்கவில்லை. 2012 இல் இந்தியாவுக்கும் வந்துபோனார். சூழல் காப்பு கீழிருந்து, ஊர்களிலும் நகரங்களிலும் தொடங்கவேண்டும் என்று அவர் எழுதிய கட்டுரை அவர் இறந்த அன்றே வெளியானது.

கலிபோர்னியாவுக்கும் எங்கட கிணத்துக்கும் என்ன சம்பந்தம்?

அவருடைய முதல் ஆய்வே கிணற்றைப் பற்றியதுதான். லொஸ் ஏஞ்சல்ஸ் கரையோரத்தில் மேற்குப் படுகை என்று ஒரு நிலத்தடி நீர்ப் பகுதி. நகரசபைகள், தண்ணீர்க் கம்பனிகள், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எல்லாரும் போட்டிக்கு இறைத்தார்கள். நீர்மட்டம் கடல் மட்டத்துக்குக் கீழே போக, கடல் உள்ளே வந்தது. கரையோரக் கிணறுகள் உவராகின.

குடாநாட்டில் நடப்பதும் அதே பௌதிகம். எங்கள் சுண்ணாம்புக் கல்லில் மாரி மழையால் சேரும் நன்னீர், எண்ணெய் தண்ணீரில் மிதப்பதுபோல, கீழேயுள்ள உவர்நீரில் மிதக்கிறது. பொதுவான கணக்கு இது: கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும். மேலே 1 அடி இறைத்துக் குறைத்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும். எங்கள் கல்லில் குகையும் வெடிப்பும் உள்ளதால் இடத்துக்கிடம் வேறுபடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது இதைக் கண்ணால் காட்டுகிற சாட்சி.

மேற்குப் படுகைக்காரர் என்ன செய்தார்கள்? 1945 இல் வழக்குப் போட்டார்கள். ஆனால் தீர்ப்புக்குக் காத்திராமல் அடுத்த ஆண்டே ஒரு சங்கம் வைத்துப் பேசத் தொடங்கினார்கள். மொத்தம் எவ்வளவு இறைக்கப்படுகிறது, எவ்வளவு ஊறுகிறது என்று தங்கள் செலவில் கணக்கெடுப்பித்தார்கள். ஆளாளுக்கு இவ்வளவு குறைப்பது என்று உடன்பட்டார்கள். பெரும்பான்மையானோர் கையெழுத்திட்டால்தான் எவரையும் அது கட்டுப்படுத்தும் என்று வைத்தார்கள். நீதிமன்றம் அதை ஏற்றது. யார் எவ்வளவு இறைத்தார் என்பதை நடுநிலையான ஒருவர் ஆண்டுதோறும் எழுதி எல்லாருக்கும் கொடுத்தார். கரையோரமாக நன்னீரை நிலத்துக்குள் செலுத்திக் கடலை மறிக்கும் தடுப்பும் வந்தது. அந்தக் கூட்டங்களுக்குப் போய் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவர் அப்போது மாணவியாயிருந்த எலினோர்.

பொதுவில விட்டால் நாசமாப்போகும் எண்டுதானே படிச்சனாங்கள். அது பிழையோ?

1968 இல் கரெட் ஹார்டின் என்ற உயிரியலாளர் சொன்ன வாதம் அது. பொதுமேய்ச்சல் தரையில் ஆளுக்கொரு மாடு கூட்டிவிட்டால் தரை அழியும், ஆகவே அரசாங்கம் எடுக்கவேண்டும் அல்லது தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்று விளங்கிக்கொண்டார்கள்.

ஒஸ்ட்ரம் அப்படி அழியவே அழியாது என்று சொல்லவில்லை. யாரும் வரலாம், யாருடனும் பேசத்தேவையில்லை என்ற இடத்தில் அழியும். ஆனால் பாவிக்கிறவர்கள் ஒருவரையொருவர் அறிந்து, பேசி, விதி வைக்கக்கூடிய இடமும் உலகத்தில் நிறைய உண்டு. ஆய்வுகூடத்திலும் இதைச் சோதித்தார். மாணவர்களை ஒரு பொதுவளத்தைப் பாவிக்கிற விளையாட்டில் உட்காரவைத்து, பேச விடாவிட்டால் எல்லாரும் அள்ளிக் கெடுத்தார்கள். முகம் பார்த்துப் பேச விட்டபோது, சொன்ன சொல்லைக் கட்டாயப்படுத்த வழியில்லாதபோதும், பெருமளவு காப்பாற்றினார்கள்.

அந்த எட்டு விதியைச் சுருக்கமாச் சொல்லுங்கோ.

நீண்டகாலம் நிலைத்த ஏற்பாடுகளில் பொதுவாகக் கண்ட எட்டு அம்சங்களை 1990 இல் வந்த நூலொன்றில் எழுதினார். அவற்றைச் சட்டமாக எடுக்கவேண்டாம். எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரே மருந்து கிடையாது என்று கடைசிவரை சொன்னவர் அவர்.

யாருக்குப் பங்கு, எது வரை எல்லை என்பது தெளிவாயிருக்கும். எடுக்கும் அளவு அந்த மண்ணுக்கும் பருவத்துக்கும் பொருந்தும், எடுப்பவரே பராமரிப்புச் செலவிலும் பங்கெடுப்பார். விதியால் பாதிக்கப்படுகிறவர் விதியை மாற்றுவதில் வாய் திறக்கலாம். கண்காணிப்பவர் பாவனையாளரில் ஒருவராகவோ அவர்களுக்குப் பதில் சொல்பவராகவோ இருப்பார். தண்டனை சின்னதில் தொடங்கும், திரும்பத் திரும்பச் செய்தால் கூடும். பிணக்கைச் செலவில்லாமல், கிட்டவே தீர்க்க இடமிருக்கும். அவர்கள் கூடி விதி வைப்பதை அரசாங்கம் குழப்பாது. வளம் பெரிதென்றால் சின்னக் குழுக்கள் பெரிய குழுவுக்குள் அடுக்கடுக்காக அமையும்.

எங்கட பங்குக் கிணறு இதுக்கு நல்ல உதாரணம்தானே? எங்கட ஆக்கள் இதெல்லாம் எப்பவோ செய்திட்டினம்!

இந்தக் கேள்விக்குக் கைதட்டல் விழாத கூட்டமே இல்லை. பாதி சரி. பங்குக் கிணறு என்பது பல காணிக்காரர் பங்கு வைத்து இறைக்கும் கிணறு. காணி உறுதியில் 'கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும்' என்று எழுதப்பட்டிருக்கும். எல்லை அதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. இன்னார் இன்ன நாள் இறைப்பது என்று முறை உண்டு. கிணறு கலக்கி இறைக்கவும் கட்டு உடைந்தால் திருத்தவும் பங்குப்படி செலவு. முறை மாறி இறைத்தால் அடுத்த முறைக்காரர் வரம்பில் வந்து நிற்பார், தனியாகக் காவற்காரர் தேவையில்லை. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுப்பித்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கும் அயற்காணிக்காரருக்கும் முன்வாங்கும் உரிமை இருந்ததால், முன்பின் தெரியாத ஒருவர் திடீரென்று பங்குக்குள் நுழைவதும் இலகுவல்ல.

மற்றப் பாதிதான் முக்கியம். முறை என்பது பங்குக்காரருக்கிடையே தண்ணீரை நியாயமாகப் பிரித்தது. மொத்தமாக எவ்வளவு இறைக்கலாம் என்று அது சொல்லவே இல்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, ஏனென்றால் வரம்பை வைத்தது துலா. மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், பாத்திக்குத் தண்ணீர் மாற ஒருவர் என்று நின்றாலும் மனித உடம்பு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறைக்கும். 1950 களுக்குப் பிறகு நீர் இறைக்கும் மெசின் பரவியது. முறை நாள் அப்படியே இருந்தது, நேரமும் அப்படியே. ஆனால் அந்த நேரத்துக்குள் வெளியே வந்த தண்ணீர் பல மடங்கானது. விதியை ஒருவரும் மீறவில்லை. நீர் மட்டும் குறைந்தது.

அதோடு காணி பிரியப் பிரிய ஆளுக்கொரு கிணறு, பிறகு குழாய்க் கிணறு. பங்கு என்ற எல்லைக்கே அர்த்தம் குறைந்துவிட்டது. என் கிணறு, என் மின்சாரம், என் மோட்டர். கீழே இருக்கிற நீர்தான் ஒன்று. மூதாதையர் புத்திசாலிகள் என்று சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் மொத்தத்தை எண்ணுகிற விதியை அவர்கள் விட்டுப்போகவில்லை. ஒஸ்ட்ரத்தைப் படித்தால் பெருமையைவிட இந்தக் கணக்குத்தான் முதலில் கண்ணில் படுகிறது.

தண்ணி கூடக் குறையுறது மட்டுமோ? எங்கட கிணத்தில நைத்திரேற்று எண்டு சொல்லுகினம்.

அதுவும் பொதுவளச் சிக்கலின் இன்னொரு முகம். செம்பாட்டு மண்ணில் போடும் யூரியாவும் மலகூடக் குழியும் கல் வெடிப்பால் நேரே கீழே போகின்றன. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. எடுப்பதற்கு மட்டும் விதி வைத்தால் போதாது, போடுவதற்கும் வேண்டும்.

இலங்கையைப் பற்றி அவ ஏதும் எழுதினவவோ?

எழுதினார், அதுவும் புகழ்ச்சியாக அல்ல. 1990 இல் வந்த அதே நூலில் தோற்றவை, தளர்ந்து நிற்பவை என்று எடுத்த உதாரணங்களில் இலங்கை வருகிறது. ஒன்று தென்கரையில் மாவெல்ல என்ற கரைவலை ஊர். பாடு (வலை இழுக்கும் கரைப்பகுதி), முறை என்று வைத்து இழுப்பது என்னவென்று வடமராட்சி கிழக்காருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. மாவெல்லையில் முறை மிக நியாயமாகச் சுழன்றது. நல்ல பருவமும் மோசமான பருவமும் எல்லா வலைக்கும் சரிசமமாக வந்தது. ஆனால் வலையின் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. மீன் விலை ஏற, ஆளாளுக்கு வலை சேர்த்தார்கள். ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறை குறைந்துகொண்டே போனது. வலை கூடாமல் மறிக்கச் சட்டம் இருந்தும் அரசியல் தலையீட்டால் அது நடைமுறையாகவில்லை. மேலே துலாவைப் பற்றிச் சொன்னதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நியாயமான முறை, எண்ணப்படாத மொத்தம்.

மற்றது கிழக்கிலுள்ள கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடது கரை. 1980 களின் தொடக்கத்தில் படித்த இளைஞர்கள் சிலர் ஊரிலேயே தங்கி, விவசாயிகளோடு பேசி, வாய்க்கால் மட்டத்தில் சின்னச் சின்னக் குழுக்களை உருவாக்கினார்கள். மேல் பக்கத்துச் சிங்கள விவசாயிகள் கடைப்பக்கத்துத் தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொடுத்த நிகழ்வுகள் அங்கே பதிவாகியுள்ளன. இனமுரண்பாடு முற்றிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில்! ஆனாலும் அதை உறுதியான வெற்றி என்று ஒஸ்ட்ரம் எழுதவில்லை. குழுக்களுக்குச் சட்ட அடித்தளம் உறுதியில்லாததால் எளிதில் உடையக்கூடியது என்றே வகைப்படுத்தினார்.

அப்ப அரசாங்கம் வேண்டாம் எண்டுதானே சொல்லுறா?

இல்லை. மேற்குப் படுகையை மறந்துவிட வேண்டாம். அங்கே நீதிமன்றம் இல்லாவிட்டால் உடன்படிக்கை வெறும் கடதாசி. பாவனையாளர் பேசினார்கள், அரசு அதற்குப் பலம் கொடுத்தது.

எங்கள் சுன்னாகத்தை எடுங்கள். மின்நிலையத்துச் சுற்றாடலில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்தபோது பங்குக்காரர் கூடிப் பேசி என்ன செய்திருக்கலாம்? கெடுத்தவர் அவர்களுடைய முறைக்குள்ளோ வரம்புக்குள்ளோ இருந்தவர் இல்லை. வழக்கு உயர் நீதிமன்றம் போய், 2019 இல் பாதிக்கப்பட்டோருக்கு 2 கோடி ரூபா கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. அப்படியான இடத்தில் சட்டம்தான் வேண்டும்.

அவர் எதிர்த்தது வேறொன்றை: ஊருக்குள் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று பார்க்காமல் மேலேயிருந்து ஒரே அச்சில் எல்லாவற்றையும் வார்ப்பது. நேபாளத்தில் விவசாயிகளே நடத்திய பாசனங்கள் பல, திணைக்களம் கட்டியவற்றைவிட நல்லாய் ஓடின. சில இடங்களில் கல்லும் மண்ணும் போட்ட பழைய அணையை அகற்றிக் கொங்கிறீற் கட்டியதும் கடைமடைக்குத் தண்ணீர் குறைந்தது. முன்பு ஒவ்வொரு ஆண்டும் அணை திருத்த மேல்மடைக்காரருக்குக் கடைமடையாரின் கைகள் தேவைப்பட்டன. கொங்கிறீற் வந்தபின் தேவைப்படவில்லை.

இரணைமடுத் தண்ணிக்கு இவ என்ன சொல்லுவா?

செத்தவர் வாயில் சொல்லைப் போட நான் விரும்பவில்லை. அவருடைய சட்டகத்தில் வைத்துப் பார்த்தால் இவ்வளவு சொல்லலாம்: இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுவரும் திட்டத்தில், குளத்தைப் பாவிக்கிற கிளிநொச்சி விவசாயிகள் முடிவெடுக்கும் மேசையில் பிந்தித்தான் இருத்தப்பட்டார்கள், ஆகவே எதிர்த்தார்கள். பிறகு திட்டம் கடல்நீரை நன்னீராக்கும் பக்கம் திரும்பி, 2024 இல் தாளையடி நிலையம் திறக்கப்பட்டது. குழாய்நீர் வருவது நல்லது. ஆனால் குடிநீர் குழாயால் வந்தாலும் தோட்டம் கிணற்றால்தான் இறைக்கும், ஆகவே மேலே சொன்ன கணக்கு அப்படியே இருக்கிறது.

இந்திய இழுவைப் படகுக்கு ஏதும் வழி சொல்லுறாவோ?

நேராக வழி இல்லை. ஆனால் ஏன் தீரவில்லை என்று காட்டுகிற கண்ணாடி உண்டு. பாக்கு நீரிணையில் எல்லை கடலில் இருக்கிறது, மீனுக்குத் தெரியாது. இலங்கை 2017 இல் அடிமட்ட இழுவையை (கடலடியை வாரி வலை இழுப்பதை) சட்டத்தால் தடைசெய்தது, அக்கரையில் அது தொழில். ஒரே வளத்துக்கு இரண்டு விதி.

2010 இல் இரு கரைக் கடற்றொழிலாளரும் நேரே சந்தித்துப் பேசி, இழுவையைப் படிப்படியாகக் குறைக்க ஓர் இணக்கத்துக்கு வந்தார்கள். இரு அரசாங்கங்களும் அதை எடுத்து நடைமுறையாக்கவில்லை. எட்டில் ஏழாவது அம்சம், அதாவது பாவனையாளர் வைத்த விதியை அரசு மதிப்பது, இதுதான். எங்கள் கரையில் இருப்பவர்கள் அக்கரைத் தொழிலாளியையும் அவரை அனுப்புகிற முதலாளியையும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பது என் கருத்து, எல்லாரும் உடன்படுவதில்லை.

பங்குக்காரர் பாதிப்பேர் கனடாவில. ஆரோட கூடி விதி வைக்கிறது?

மிக உண்மையான கேள்வி, நூல்களில் விடை குறைவு. விதியை மாற்றுவதில் பாதிக்கப்படுகிறவருக்கு வாய் வேண்டும் என்றோம். ஸ்காபுரோவில் இருக்கும் பங்குக்காரருக்கு உரிமை உண்டு, பாதிப்பு இல்லை. அவருடைய தோட்டத்தைக் குத்தகைக்குச் செய்பவருக்குப் பாதிப்பு உண்டு, உரிமை இல்லை.

ஆகவே கூட்டத்துக்கு உறுதிக்காரரை மட்டும் தேடாமல் இறைக்கிறவரை அழைப்பதுதான் முறை என்று நினைக்கிறேன். உரிமையாளரிடம் ஊரில் ஒருவருக்கு 'பவர்' (அற்றோணித் தத்துவம்) எழுதிக் கொடுப்பித்து வைத்தால், கிணறு திருத்துவது போன்றவற்றுக்குக் கையெழுத்துத் தேடி அலையத் தேவையில்லை. ஒரு வருடக் குத்தகைக்காரருக்கு நாளைய நீரைப் பற்றி அக்கறைப்பட நியாயமும் குறைவு. குத்தகை நீண்டால் அக்கறையும் நீளும். 1990 இல் இடம்பெயர்ந்து பல ஆண்டுக்குப் பிறகு காணி திரும்பக் கிடைத்த வலிகாமம் வடக்கில் இதைவிடச் சிக்கல்: கிணறு இருக்கிறது, பங்கு தெரிந்த கிழவர் இல்லை.

ஒரு காலத்தில சாதி பாத்துத்தான் கிணத்தில அள்ள விட்டவை. அதுவும் 'தெளிவான எல்லை'தானே?

இதைக் கேட்டவர் ஓர் ஆசிரியை. மண்டபம் கொஞ்சநேரம் பேசவில்லை.

ஆம், எல்லைதான். மிகத் தெளிவான எல்லை, கண்காணிப்பும் தண்டனையும் உள்ள எல்லை. எட்டு அம்சங்களில் பலவற்றை அந்தக் கொடுமை நிறைவுசெய்யும். காணி இல்லாதவருக்குக் கிணற்றுப் பங்கும் இல்லை, இன்னொருவர் அள்ளி ஊற்றும்வரை குடத்தோடு நிற்கவேண்டும். அதை மாற்றியது பங்குக்காரர் கூடிப் பேசியதல்ல. 1957 இன் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், அதைவிட அதிகமாக 1960 களில் தேநீர்க் கடையிலும் மாவிட்டபுரம் கோயில் வாசலிலும் நின்று அடி வாங்கிய மனிதரும்தான்.

ஒஸ்ட்ரத்தின் அம்சங்கள் ஓர் ஏற்பாடு நீடிக்குமா என்பதை அளக்கின்றன. நீதியானதா என்பதை அளப்பதில்லை. அதிகாரத்தைப் பற்றி அவர் போதிய அளவு பேசவில்லை என்ற விமர்சனம் நெடுநாளாக உள்ளது, எனக்கும் அது சரியாகப் படுகிறது. மூன்றாவது அம்சத்தைக் கடுமையாகப் பிடித்தால் ஓரளவு தப்பலாம்: பாதிக்கப்படுகிற *எல்லாருக்கும்* வாய். ஆனால் 'எல்லார்' யார் என்று தீர்மானிக்கிறவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள். எந்தக் கிணற்றுக் குழுவையும் தொடங்கும்போது குறிச்சியில் பங்கில்லாத வீடுகளையும் கூப்பிடவேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது இதனால்தான். சில ஊர்களில் இதற்காகவே கூட்டம் நடக்காமல் போயிருக்கிறது.

சரி, எங்கட குறிச்சியில தொடங்கிறதெண்டால் முதல் என்ன செய்யவேணும்?

விதி எழுதத் தொடங்கவேண்டாம். அளக்கத் தொடங்குங்கள். மேற்குப் படுகையில் சண்டை பேச்சாக மாறியது எல்லாரும் ஒரே கணக்கை நம்பத் தொடங்கிய பிறகு.

குறிச்சியில் பத்துக் கிணறு எடுங்கள்: மேட்டிலும் பள்ளத்திலும், கடல் பக்கமும் உள்ளுக்கும், பங்குக் கிணறும் தனிக் கிணறுமாக. கிணற்றுக் கட்டின் ஓரிடத்தில் பெயின்ரால் அடையாளம் போடுங்கள். விடிய, மோட்டர் போட முதல், முனையில் பாரம் கட்டிய அளவுநாடாவை இறக்கி அந்த அடையாளத்திலிருந்து தண்ணீர் வரை அளவெடுங்கள். கிழமைக்கு ஒருக்கா, அதே நாள். உவர் பார்க்க மின்கடத்துதிறன் மானி ஒன்று போதும், பள்ளிக்கூட விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டால் பாவிக்கக் காட்டித் தருவார். மாரி முடிந்த தையிலும், வறண்ட ஆவணி, புரட்டாதியிலும் தவறவிடவேண்டாம்.

அளவை ஒரு கொப்பியில் பூட்டிவைக்காமல் சனசமூக நிலையப் பலகையில் கிணற்று வாரியாக எழுதிப் போடுங்கள். ஒருவருக்கும் புத்தி சொல்லவேண்டாம், பெயரைச் சுட்டிக் குறைசொல்லவும் வேண்டாம். இரண்டு மாரி பார்த்தபின் கூட்டம் வையுங்கள். அதற்குள் யார் கிணறு யார் மோட்டரால் இறங்குகிறது என்று ஊரே தானாகப் பேசத் தொடங்கியிருக்கும். அந்தக் கூட்டத்தில் தலைமையுரை வேண்டாம்.